சாப்பிட்ட புரதத்தில் உடம்பில் சேர்வது எவ்வளவு? சோற்றுத் தட்டை வைத்துக் கணக்குப் போட ஒரு முழுமையான வழிகாட்டி

நூறு கிராம் துவரம்பருப்பில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருக்கிறது. நூறு கிராம் முட்டையில், அதாவது இரண்டு முட்டையில், 13 கிராம்தான். இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பருப்பே முட்டையைவிட உசத்தி என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறையப் பேர். பருப்பு நல்ல உணவுதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இந்தக் கணக்கில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. 22 கிராம் என்பது வேகாத பருப்புக்கு. தண்ணீர் ஏறி வெந்த பிறகு நூறு கிராம் பருப்பில் 7 கிராம் அளவுக்குத்தான் நிற்கும். அந்த ஏழும் முழுதாகச் செரித்துவிடுவதில்லை. செரித்ததும் அப்படியே தசையாகவும் தோலாகவும் மாறிவிடுவதில்லை.

நம் ஊர்ச் சாப்பாடு அரிசியைச் சுற்றி அமைந்தது. அதனால் இந்த வழிகாட்டியையும் சோறு, சாம்பார், இட்லி, தயிர் இவற்றை வைத்தே எழுதுகிறேன். ஒரு சமையலறைத் தராசும் ஒரு பேனாவும் இருந்தால் போதும்.

முதல் படி: உங்கள் தேவை எவ்வளவு?

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஐ.சி.எம்.ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு தினம் 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம். இது தரமான புரதத்துக்கான கணக்கு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சாப்பாட்டில் பெரும்பகுதி அரிசி, கோதுமை, பருப்பு என்றால் கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. எடை மிக அதிகமாக இருப்பவர்கள், தங்கள் உயரத்துக்கு இருக்கவேண்டிய எடையை வைத்துக் கணக்கிடலாம்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், கடினமாக உடற்பயிற்சி செய்பவர்கள் ஆகியோருக்குத் தேவை கூடும். சிறுநீரக நோய் இருப்பவர்கள் இந்தக் கணக்கைத் தொடவே வேண்டாம். டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள், டயாலிசிஸில் இருப்பவர்களுக்குக் கூட்டச் சொல்வார்கள். அதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இரண்டாம் படி: தட்டில் விழுவதை எடை போடுங்கள்

சமைப்பதற்கு முன், காய்ந்த நிலையில் எடை போடுவதே சுலபம். நூறு கிராமுக்குத் தோராயமாக: புழுங்கலரிசி, பச்சரிசி 8 கிராம், கோதுமை மாவு 10 முதல் 11, கேழ்வரகு 7, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, கொள்ளு 22, உளுந்து 23, பாசிப்பருப்பு, வேர்க்கடலை 24, பனீர் 19, மீன் 18 முதல் 20, பால் 3 சொச்சம். மீல் மேக்கர் என்று கடையில் விற்கும் சோயா உருண்டையில் 50-ஐத் தாண்டும். ஒரு முட்டைக்கு 6 முதல் 7 கிராம்.

இப்போது உங்கள் வீட்டுச் சாம்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு நூறு கிராம் துவரம்பருப்பு போடுகிறீர்கள் என்றால் மொத்தம் 22 கிராம் புரதம். ஆளுக்கு ஐந்தரை கிராம். அதுவும் அடியில் கிடக்கும் பருப்பைக் கலக்கி ஊற்றினால்தான். மேலே தெளிந்ததை ஊற்றிக்கொண்டு எழுந்துபோகிறவருக்கு அதுவும் இல்லை. "தினமும் சாம்பார் சாப்பிடுறோமே" என்று சொல்லும் வீடுகளில்கூடப் புரதம் குறைவாக இருப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். டீயும் அப்படித்தான்: ஒரு டம்ளரில் 75 மில்லி பால் இருந்தால் இரண்டரை கிராம்.

இரண்டு மூன்று நாள் எழுதிப் பாருங்கள். ஒருநாள் கணக்கு ஏமாற்றிவிடும். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை வைத்து வாரம் முழுவதையும் எடைபோடக் கூடாது.

மூன்றாம் படி: எவ்வளவு செரிக்கிறது என்று கழியுங்கள்

புரதம் வயிற்றிலும் சிறுகுடலிலும் உடைந்து அமினோ அமிலங்களாகிச் சிறுகுடலின் சுவர் வழியாக ரத்தத்தில் சேர்கிறது. சிறுகுடலைத் தாண்டி பெருங்குடலுக்குள் போய்விட்டால் அது நமக்கில்லை, அங்கிருக்கும் பாக்டீரியாக்களுக்கு. எனவே சிறுகுடலின் கடைசியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதே சரியான அளவை. 1991-ல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கொண்டுவந்த பி.டி.சி.ஏ.ஏ.எஸ் என்ற மதிப்பெண், மலத்தில் வெளியேறியதை வைத்துக் கணக்கிட்டது. வழியில் பாக்டீரியாக்கள் தின்றதெல்லாம் உடம்பில் சேர்ந்த கணக்கில் வந்துவிட்டது. 2013-ல் அதே அமைப்பு டி.ஐ.ஏ.ஏ.எஸ் என்ற புதிய முறையைப் பரிந்துரைத்தது. இது ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் தனித்தனியாக, சிறுகுடலின் முடிவில் அளக்கிறது. நம் தேவைக்குச் சரியாக ஈடுகொடுத்தால் மதிப்பெண் நூறு. இந்த முறையில் பால், முட்டை, இறைச்சி எல்லாம் நூறைத் தாண்டுகின்றன. சோயாவிலிருந்து பிரித்தெடுத்த புரதம் 90 அளவில் நிற்கிறது. வெந்த சோறு 60-ஐ ஒட்டி, கோதுமையும் வேர்க்கடலையும் 40-க்குச் சற்று மேலே.

மனிதரின் சிறுகுடல் முடிவில் அளப்பது லேசான காரியமில்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இதற்கு அருமையான ஒரு வழி கண்டார்கள். கனமான ஹைட்ரஜன் கொண்ட கனநீரை ஊற்றிப் பயறு வகைகளை வளர்த்து அவற்றின் புரதத்துக்கு ஓர் அடையாளம் ஏற்றினார்கள். கூடவே, வேறொரு அடையாளம் ஏற்றிய ஸ்பைருலினாப் பாசியையும் கொடுத்து, ரத்தத்தில் இரண்டும் எவ்வளவு வருகின்றன என்று ஒப்பிட்டார்கள். செரிமானத்தில் முட்டையும் கோழிக்கறியும் 90 விழுக்காட்டை ஒட்டி வந்தன. கொண்டைக்கடலையும் முழுப் பாசிப்பயறும் 60-ஐத் தொடவில்லை. அதே பாசிப்பயறைத் தோல் நீக்கிக் கொடுத்தபோது பத்துப் புள்ளி அளவுக்கு ஏறியது. நம்மவர்கள்மீதே, நம் உணவை வைத்தே செய்த ஆய்வு என்பதால் இதற்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன்.

ஏன் இந்த வித்தியாசம்? பயறுகளில், புரதத்தை உடைக்கும் டிரிப்சின் என்ற நொதியைத் தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன. தோலில் டானின் இருக்கிறது, துவர்ப்பு அதனால்தான். ஃபைட்டிக் அமிலமும் உண்டு. இவற்றை அடக்கச் சமையலறையில் செய்யக்கூடியது நிறைய.

முழுப்பயறை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். விரலில் நசுக்கினால் மசியவேண்டும், நடுவில் கெட்டியாக நிற்கக் கூடாது. குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. டிரிப்சின் தடுப்பான்கள் சூட்டில் பெருமளவு செயலிழந்துவிடும். சோயாவை வேகவைத்துக் கொடுத்தால்தான் எலிகள் ஒழுங்காக வளர்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஆஸ்போர்னும் மெண்டலும் 1917-லேயே காட்டிவிட்டார்கள். முளைகட்டிய பயறை ஐந்து பத்து நிமிடமாவது ஆவியில் வைத்துச் சாப்பிடுங்கள், பச்சையாகத் தின்பதில் தனிப் பெருமை எதுவும் இல்லை. ராஜ்மாவை அரைவேக்காட்டில் சாப்பிடவே கூடாது. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப்பொருள் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகும்.

முட்டைக்கும் இதே கதைதான். உடம்பை ஏற்றுவதற்காகப் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. பெல்ஜியத்தில் லூவன் ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட அளவீட்டின்படி, வெந்த முட்டையின் புரதம் 91 விழுக்காடு செரித்தது. பச்சை முட்டையில் 51 மட்டுமே. கிட்டத்தட்ட பாதி வீண், கிருமித் தொற்று அபாயம் வேறு.

சூடு எல்லா நேரமும் நண்பன் இல்லை. மாவும் சர்க்கரையும் பாலும் காய்ந்த சூட்டில் பழுப்பேறும்போது, லைசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு உடம்புக்குப் பயன்படாமல் போகிறது. திரட்டுப்பால் சிவக்கச் சிவக்கக் காய்ச்சுவதில் கொஞ்சம் இழப்பு உண்டு. பிள்ளைகளுக்குச் சத்துமாவு வறுக்கும்போது வாசனை வந்ததும் இறக்கிவிடுங்கள், கருகவிடாதீர்கள்.

நான்காம் படி: லைசினை எண்ணுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

புரதம் இருபது அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் ஒன்பதை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். உடம்பு தனக்கு வேண்டிய புரதத்தைக் கட்டும்போது இந்த ஒன்பதில் எது முதலில் தீர்ந்துபோகிறதோ அங்கே வேலை நின்றுவிடுகிறது. மற்றவை எவ்வளவு மிஞ்சினாலும் சேமித்துவைக்க இடமில்லை. அவற்றை எரித்துவிட்டு, நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் தள்ளிவிடும். அரிசி, கோதுமை, கம்பு, கேழ்வரகு எல்லாவற்றிலும் முதலில் தீர்வது லைசின்தான். பருப்பில் லைசின் தாராளம், ஆனால் மெத்தியோனின், சிஸ்டீன் என்ற கந்தகம் கலந்த அமிலங்கள் குறைவு. அரிசியில் அவை போதுமான அளவு இருக்கின்றன. சோறும் பருப்பும் சேர்வதன் பலன் இதுதான்.

2013 அளவுகோலின்படி, மூன்று வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஒரு கிராம் புரதத்தில் 48 மில்லிகிராம் லைசின் இருக்கவேண்டும். அரிசிப் புரதத்தில் 37 இருக்கிறது. துவரம்பருப்பில் சுமார் 70, பாலில் 78, மீனில் 90-ஐ ஒட்டி.

ஒருவர் ஒரு நாளில் 300 கிராம் அரிசி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புரதம் 24 கிராம், லைசின் சுமார் 890 மில்லிகிராம். அவர் பங்குக்குச் சாம்பாரில் 25 கிராம் பருப்பு. அது ஐந்தரை கிராம் புரதமும் 385 மில்லிகிராம் லைசினும் தரும். மொத்தம் 29.5 கிராம் புரதம், 1,275 மில்லிகிராம் லைசின். வகுத்தால் கிராமுக்கு 43. அளவுகோலுக்குக் கீழே.

பருப்பை 60 கிராமாக்குங்கள். கிராமுக்கு 48 வந்து தொடும். ஆனால் செரிமானத்தில் போவதை இன்னும் கழிக்கவில்லையே. நூறு கிராம் பருப்பு என்றால் கிராமுக்கு 53, மொத்தப் புரதமும் 46 கிராம். அதாவது அரிசிக்கும் பருப்புக்கும் மூன்றுக்கு ஒன்று. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தானியம், பருப்பு, பால் மூன்றையும் 3 : 1 : 2.5 என்ற விகிதத்தில் சாப்பிடச் சொல்வதும் இதே புள்ளியில்தான் வந்து நிற்கிறது. 300 கிராம் அரிசிக்கு 100 கிராம் பருப்பு, 250 மில்லி பால் அல்லது தயிர்.

ஆளுக்கு நூறு கிராம் பருப்பா என்று மலைக்க வேண்டாம். சாம்பாரில் மட்டும் அது வராது. காலையில் இட்லியில் உளுந்து, மதியம் பருப்பு, மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், இரவு தோசைக்கு மறுபடி உளுந்து என்று பிரிந்து வரும்.

இதே கணக்கை நம் பலகாரங்களுக்குப் போட்டுப் பார்த்தால் மனசு நிறைகிறது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்ட இட்லி மாவில் கிராமுக்கு 49 மில்லிகிராம் லைசின் வருகிறது. மாவு புளிப்பதில் ஃபைட்டிக் அமிலமும் குறைகிறது. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு போட்ட வெண்பொங்கலில் 57. நூறு கிராம் அரிசியை வடித்து 150 மில்லி கெட்டித் தயிர் விட்டுப் பிசைந்தால் 53. இட்லியில் குறை இருப்பது தரத்தில் இல்லை, அளவில். ஒரு இட்லிக்கு 2 கிராம் புரதம் வந்தாலே அதிகம். நாலு இட்லிக்கு எட்டு என்று வைத்தாலும் காலைக்கு அது போதாது. கெட்டிச் சாம்பாரோ ஒரு முட்டையோ பக்கத்தில் இருக்கவேண்டும்.

லைசின் இல்லாமல் போகிற நாட்கள் எவை தெரியுமா? எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும், புளியோதரையும் வடகமும், தக்காளி சாதமும் சிப்ஸும் என்று போகிற நாட்கள். பள்ளிக்குப் போகும் டிபன் பாக்ஸில் இவைதான் அதிகம் என்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு என்று பார்த்தால், வளர்கிற பிள்ளைக்கு லைசின் தேவை பெரியவர்களைவிட அதிகம்.

ஐந்தாம் படி: எதோடு எதைச் சேர்ப்பது

அரிசியோடு சேரும் எல்லாமே குறையை நிரப்பிவிடாது. வேர்க்கடலை நல்ல உதாரணம். அதில் புரதம் நிறைய, ஆனால் லைசின் பங்கு அரிசியில் இருக்கிற அளவேதான். புளியோதரையில் கடலையை அள்ளிப்போட்டால் கிராம் கூடும், தரம் கூடாது. எள்ளும் லைசினில் ஏழை. ஆனால் மெத்தியோனின் அதில் நிறைய இருப்பதால் பருப்போடு சேர்ந்தால் பிரமாதம். உளுந்தும் எள்ளும் வறுத்துப் பொடித்த இட்லிப்பொடி இந்த வகையில் சரியான சேர்க்கை.

சப்பாத்திக்கு மாறினால் புரதம் கூடும் என்று நினைக்கிறார்கள். கிராம் கணக்கில் கூடும். ஆனால் கோதுமைப் புரதத்தில் லைசின் அரிசியைவிடக் குறைவு. நூறு கிராம் மாவிலிருந்து கிடைக்கும் லைசின், நூறு கிராம் அரிசியிலிருந்து கிடைப்பதைவிடக் கூடுதல் இல்லை. சப்பாத்திக்குக் குருமா மட்டும் வைத்தால் போதாது. பருப்புக் கடைசலோ சென்னாவோ பனீரோ வேண்டும். கேழ்வரகுக் களிக்கும் இதே குறை உண்டு. கருவாட்டுக் குழம்போடு அதைச் சாப்பிட்ட பழக்கம் மிகச் சரியானது.

மீன், முட்டை, பால் சாப்பிடுகிறவர்களுக்கு வேலை சுலபம். 50 கிராம் மத்தி மீனில் 10 கிராம் புரதமும் 900 மில்லிகிராம் லைசினும் வருகின்றன. முன்பு சொன்ன 300 கிராம் அரிசி மொத்தமும் தருகிற லைசின் அவ்வளவுதான். ஒரு துண்டு மீன் ஒரு நாள் சோற்றின் குறையை நிரப்பிவிடுகிறது. கிலோ கணக்கில் கறி வாங்கவேண்டிய அவசியமே இல்லை.

முழுச் சைவர்கள், பாலும் தொடாதவர்கள், மீல் மேக்கரைக் கொஞ்சம் நெருங்கிப் பழகலாம். 25 கிராம் காய்ந்த உருண்டையில் 13 கிராம் புரதம், அதுவும் நல்ல தரம். வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஒருமுறை அலசிப் பிழிந்தால் அந்தப் பச்சை வாடை போய்விடும்.

அப்புறம், இரண்டையும் ஒரே வேளையில்தான் சாப்பிடவேண்டுமா என்று கேட்பார்கள். வளர்ந்தவர்களுக்கு ஒரே நாளுக்குள் வந்தால் போதும். சிறு பிள்ளைகளுக்கு ஒரே வேளையில் சேர்த்துக் கொடுப்பதே நல்லது.

ஆறாம் படி: டப்பாவின் முதுகைப் படியுங்கள்

டப்பாவில் போட்டிருக்கும் புரத எண் பெரும்பாலும் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கி வந்தது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தாலும் அந்தக் கருவிக்குப் புரதம்தான். 2008-ல் சீனாவில் பால்பவுடரில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்தது இதைச் சாதகமாக்கித்தான். அதில் குழந்தைகள் இறந்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளானார்கள். புரதப் பவுடர்களில் அந்த அளவுக்குப் போகாமல், கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைச் சேர்த்து எண்ணை ஏற்றுவது உண்டு. சேர்மானப் பட்டியலில் அவை தனியாக எழுதியிருந்தால் யோசியுங்கள்.

வே புரதம் பாலிலிருந்து வருவது, தரத்தில் குறை சொல்ல முடியாது. பட்டாணிப் புரதம் பரவாயில்லை, அரிசியோடு சேர்ந்தால் நன்று. கொலாஜன் பவுடரில் டிரிப்டோஃபேன் என்ற அமிலம் அறவே இல்லை, அதனால் புரதத் தரத்தில் அதன் மதிப்பெண் பூஜ்யம். அதைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாலில் கலக்கும் மால்ட் பானங்களில் பாலின் புரதம்தான் முக்கால்வாசி வேலை செய்கிறது. பாலை மட்டும் கொடுத்தாலும் அது கிடைக்கும்.

ஏழாம் படி: நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிடுங்கள்

ஒரு வேளையில் 30 கிராமுக்கு மேல் உடம்பு ஏற்காது என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்வார்கள். உறிஞ்சுவதற்கு அப்படி எந்தக் கதவும் இல்லை. அதிகம் சாப்பிட்டால் செரிக்க நேரம் கூட எடுக்கும், அவ்வளவுதான். ஆனாலும் பிரித்துச் சாப்பிடுவதில் பலன் இருக்கிறது, முக்கியமாக வயதானவர்களுக்கு.

போதுமான சோறு இல்லாமல் புரதத்தை மட்டும் ஏற்றுவதும் வீண். உடம்புக்கு எரிபொருள் போதாதபோது அது புரதத்தையே எரிக்கும். எடை குறைக்கப் பட்டினி கிடந்துகொண்டு முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் சாப்பிடுகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

65 வயதைத் தாண்டியவர்களின் தசை, புரதத்துக்கு மந்தமாகவே பதில் சொல்கிறது. இளைஞருக்கு ஒரு வேளையில் 20 கிராம் தூண்டிவிடும் வேலைக்கு அவர்களுக்கு அதைவிட அதிகம் வேண்டும். அதனால்தான் நிபுணர் குழுக்கள் முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை சொல்கின்றன. நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. "வயசாயிடுச்சு, ரெண்டு இட்லி போதும்", ராத்திரிக்கு ஒரு டம்ளர் ரசம் சாதம், பல் இல்லை என்று கறியும் சுண்டலும் நிறுத்தம். கால் தளர்ந்து எழுந்திருக்க முடியாமல் போவதில் இதற்கும் பங்கு உண்டு. சிறுநீரகத்தில் பிரச்சினை இல்லை என்று உறுதியானால், அப்பா அம்மாவின் இரவுச் சாப்பாட்டை மாற்றுங்கள். குழைந்த பாசிப்பருப்புப் பொங்கல், பாலில் கரைத்த சத்துமாவுக் கஞ்சி, அரைவேக்காடாக இல்லாமல் நன்றாக வெந்த முட்டைப் பொரியல், முள் எடுத்து உதிர்த்த மீன் எல்லாமே மெல்லச் சிரமமில்லாதவை. சத்துமாவைக் கடையில் வாங்கினால் பட்டியலில் முதல் நான்கு பொருளும் தானியமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வீட்டில் பொட்டுக்கடலையும் வறுத்த பாசிப்பருப்பும் பொடித்து, மாவின் அளவில் மூன்றில் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள்.